புதுசா லேப்டாப்பும் போனும் வாங்கப் போறீங்களா? நம்ம பார்டர் பக்கத்து ஆளுகளுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த உடனே தொடங்கிரும், அப்புறம் ஓணம் ஆஃபர், அது முடிஞ்சா தீபாவளி சேல், தமிழ்நாடு கேரளா பார்டர்ல மார்த்தாண்டம் களியக்காவிளை பாறசாலை சுத்துவட்டாரத்துல தெரிஞ்சவங்க எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், "ஐ5 எடுக்கவா ஐ7 எடுக்கவா". கம்ப்யூட்டர் கிறுக்குன்னு பேர் வாங்கிட்டா இதுல இருந்து தப்பிக்க முடியாது. ஒரு வரில பதில் வேணும்னா, பிராசஸர் பேர் போட்ட அந்த ஸ்டிக்கர பாக்காதீங்க, பின்னாடி மாத்தவே முடியாத பாகம் எதெல்லாம்னு பாத்து அங்க காச போடுங்க, மாத்த முடிஞ்சத அப்புறமா பாத்துக்கலாம். அத எப்படி செய்யணும்னு முதல் தடவ வாங்குறவங்களுக்காக கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

கடைக்கு போறதுக்கு முன்னாடி

ஒரு பேப்பர்ல என்ன வேலைக்குன்னு எழுதுங்க. சும்மா "படிக்க"ன்னு எழுதினா பத்தாது. பிகாம் பையனா, அப்போ எக்செலும் டாலியும், டாலி விண்டோஸ்லதான் ஓடும். மெக்கானிக்கலா, சாலிட்ஒர்க்ஸ் வரும், அதுவும் விண்டோஸ் மட்டும்தான், ஆசையா மேக்புக் வாங்கி குடுத்துட்டு அப்புறம் முழிக்கக் கூடாது. கம்ப்யூட்டர் சயின்ஸ்னா எந்த லேப்டாப்பும் ஓடும், ஆனா ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மாதிரி ஆப்பு செய்யுற சாஃப்ட்வேர் ரேம, அதாவது ஓடிட்டு இருக்க வேலைக்கான மெமரிய, தின்னு தீத்துரும். ஆர்க்கிடெக்சர், வீடியோ எடிட்டிங்னா மட்டும் தனி கிராபிக்ஸ் கார்டு பத்தி யோசிங்க. காலேஜ் சேந்தாச்சுன்னா சீனியர் பசங்ககிட்ட முதல் வருஷம் உண்மையில என்ன சாஃப்ட்வேர் ஓட்டுனாங்கன்னு கேளுங்க, பல கோர்ஸ்ல முதல் செமஸ்டர் லேப்டாப்பே தேவைப்படாது, கொஞ்சம் தள்ளிப்போட்டு ஓணத்துக்கோ தீபாவளிக்கோ வாங்கினாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது.

வீட்ல அப்பா அம்மாவுக்கு யூடியூப், வாட்ஸ்அப், கரண்ட் பில்லு, அவ்வளவுதான்னா லேப்டாப் வேண்டாம், நல்ல போன் ஒண்ணு போதும். இத சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

பிராசஸர், இங்கதான் ஆளுகள் ஏமாறுறது

பிராசஸர்னா கம்ப்யூட்டரோட மூளை. இன்டெல் கம்பெனியோட ஐ5, ஏஎம்டி கம்பெனியோட ரைசன் 5 இதெல்லாம் குடும்பப் பேரு மாதிரி, அதுல நல்லவனும் உண்டு சோம்பேறியும் உண்டு, முழுப்பேரும் கேட்டாத்தான் ஆள் யாருன்னு தெரியும். அதனால கடைல முதல் கேள்வியே "பிராசஸரோட முழு மாடல் நம்பர் என்ன"ங்கறதா இருக்கட்டும். சேல்ஸ்மேன் "லேட்டஸ்ட் ஜெனரேஷன் சார்"னு மட்டும் சொன்னா விடாதீங்க, பெட்டி மேல ஒட்டியிருக்க பேப்பர்ல பாருங்க.

உதாரணத்துக்கு ரெண்டு சிப்பு எடுத்துக்குவோம். ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ. பத்து நம்பர்தான் வித்தியாசம், கேட்டா ஏறக்குறைய ஒண்ணுதான்னு தோணும். ஆனா 7520யூல நாலு கோர், அதாவது வேலைய பிரிச்சு செய்யுற நாலு பகுதி, உள்ள இருக்கது 2019ல வந்த ஜென் 2ங்கற பழைய டிசைன். 7530யூல ஆறு கோர், அடுத்த தலைமுறை ஜென் 3. ரெண்டுக்கும் மேல ஒரே ஸ்டிக்கர்தான். ஏஎம்டியோட 7000 சீரிஸ் லேப்டாப் சிப்புல மூணாவது நம்பர பாத்தா விஷயம் தெரிஞ்சிரும், 2ன்னா ஜென் 2, 3ன்னா ஜென் 3 வகை, 4ன்னா ஜென் 4. இந்த ஒரு டிரிக் தெரிஞ்சா போதும், 7000 சீரிஸ் ஆஃபர்ல பாதி தானா கழிஞ்சிரும்.

இன்டெல் பக்கம் வேற மாதிரி குழப்பம். 2023 கடைசில இருந்து புது சிப்புகள்ல "ஐ"ய எடுத்துட்டாங்க, இப்போ கோர் 5, கோர் 7, கோர் அல்ட்ரா 5ன்னு வருது, பழைய ஐ5 ஸ்டாக்கும் கூடவே நிக்குது. கோர் 5 120யூன்னு ஒண்ணு இருக்கு, கேட்டா புத்தம்புது சாதனம் மாதிரி இருக்கும், உள்ள பாத்தா 13வது ஜெனரேஷன் ஐ5 1335யூவோட கூடப்பொறந்ததுதான், ரெண்டு பெரிய கோர் எட்டு சின்ன கோர். மோசம்னு சொல்லல, ஆபீஸ் வேலைக்கும் படிப்புக்கும் தாராளம், ஆனா 1335யூ போட்ட லேப்டாப் பக்கத்துலயே குறைஞ்ச விலைக்கு கிடந்தா புதுப்பேருக்கு கூடக் காசு குடுக்க வேண்டாம். கடைசில வர்ற எழுத்தும் முக்கியம், யூன்னா கரண்ட் கம்மியா எடுக்கும், ஹெச்னா வேகம் ஜாஸ்தி, சூடும் ஃபேன் சத்தமும் ஜாஸ்தி, பேட்டரியும் சீக்கிரம் எறங்கும். பஸ்சுல தூக்கிட்டு அலையுற புள்ளைக்கு யூ கொள்ளாம்.

பட்ஜெட் ரொம்ப கம்மின்னா இன்டெல் என்100 போட்ட சின்ன லேப்டாப் காட்டுவாங்க. டைப் அடிக்க, ஆன்லைன் கிளாஸ் பாக்க ஆகும், நாலு வருஷ இன்ஜினியரிங்க இதுல ஓட்ட நினைக்காதீங்க. அந்த காசுக்கு நல்ல கம்பெனி பழைய ஆபீஸ் லேப்டாப் செகண்ட் ஹேண்ட் எடுக்கலாமேன்னு கேட்டா, எடுக்கலாம், ஆனா இன்டெல்னா 8வது ஜெனரேஷனுக்கு கீழ போகாதீங்க. விண்டோஸ் 11 அதுக்கு கீழ உள்ளதுக்கு முறைப்படி கிடையாது, விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சாச்சு. விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு இந்தக் கவலை இல்ல, கேரளா ஸ்கூல்ல படிச்ச புள்ளைங்க பலபேருக்கு லினக்ஸ் சின்ன வயசுலயே பழக்கம், அங்க ஐடி பாடமே அதுலதான்.

ரேம், எஸ்எஸ்டி

2025 கடைசில இருந்து ரேம் விலை ஏறிட்டே போகுது, ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரிய அள்ளிட்டு போறாங்க, மைக்ரான் கம்பெனி குருஷியல்ங்கற பேர்ல நம்ம மாதிரி சாதாரண ஆளுகளுக்கு வித்துட்டு இருந்ததையே நிறுத்தப் போறோம்னு அந்த டிசம்பர்ல அறிவிச்சிட்டாங்க. அதனால "இப்போ 8 ஜிபி எடுப்போம் அப்புறம் ஏத்திக்கலாம்"ங்கற பழைய கணக்கு இப்போ முன்ன மாதிரி லாபமா இல்ல. புது லேப்டாப்புக்கு 16 ஜிபின்னு மனச தேத்திக்கோங்க.

அத விட முக்கியமான கேள்வி, ரேம் ஸ்லாட்டுல மாட்டியிருக்கா, போர்டுலயே சால்டர் பண்ணிருக்கா. ஸ்பெக் ஷீட்டுல எல்பிடிடிஆர்5ன்னு போட்டிருந்தா பெரும்பாலும் போர்டோட ஒட்டுனதுதான், கூட்டவே முடியாது. டிடிஆர்4, டிடிஆர்5னு மட்டும் இருந்தா ஸ்லாட் இருக்க வாய்ப்பு உண்டு, அதுலயும் பாதி ஒட்டி பாதி ஸ்லாட் குடுக்குறவங்க இருக்காங்க, மாடல் நம்பர போட்டு பிராண்டோட சொந்த சைட்ல பாத்துருங்க. மேல சொன்ன 7520யூ இருக்கே, அது ஒட்டுற ரேம மட்டும்தான் ஏத்துக்கும், 8 ஜிபில வாங்கினா ஆயுசுக்கும் 8 ஜிபிதான். இன்டெல் கோர் அல்ட்ரா 226வி மாதிரி "வி"ன்னு முடியுற சிப்புகள்ல ரேம் சிப்போடயே உக்காந்திருக்கு, 226ன்னா 16 ஜிபி, 228ன்னா 32 ஜிபி.

எஸ்எஸ்டின்னா ஃபைல் எல்லாம் சேமிக்கிற பாகம், அத பெரும்பாலும் பின்னாடி மாத்தலாம், அதனால 512 ஜிபி போதும், பெருசா கவலப்படாதீங்க. இஎம்எம்சின்னு எழுதியிருந்தா மட்டும் வைச்சிட்டு எழுந்து வந்துருங்க, அது போர்டுல ஒட்டுன மெதுவான ஸ்டோரேஜ்.

ஸ்கிரீன் ஐபிஎஸ் வகையா இருக்கணும், வெளிச்சம் 300 நிட்ஸ் இருந்தா பகல் வெளிச்சத்துல திண்ணைல உக்காந்தும் படிக்கலாம், "45 சதவீதம் என்டிஎஸ்சி"ன்னு போட்டிருந்தா கலர் வெளிறித்தான் தெரியும், படிப்புக்கு பரவால்ல போட்டோ வேலைக்கு ஆகாது. பேட்டரிய மணிக்கணக்குல சொல்றத நம்பாதீங்க, எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்னு சொல்ற வாட் ஹவர் பாருங்க, 41, 42ன்னா சின்னது, 60க்கு மேலன்னா நல்லது. டைப் சி வழியா சார்ஜ் ஆகுற லேப்டாப்பா எடுத்தா 65 வாட் சார்ஜர் ஒண்ணுல லேப்டாப்பும் போனும் ரெண்டும் ஓடும், ஹாஸ்டல் புள்ளைக்கு இது பெரிய உபகாரம்.

ஏஐ லேப்டாப்புன்னு சொல்லி விக்கிறாங்களே

விண்டோஸ்ல கோபைலட் பிளஸ்னு பேர் போட மைக்ரோசாஃப்ட் வச்ச கணக்கு, 40 டாப்ஸ் (ஏஐ வேகத்த அளக்குற கணக்கு) வேகத்துக்கு என்பியு, அதாவது ஏஐ வேலைக்குன்னே சிப்புல உள்ள தனி பகுதி, 16 ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ். வெறும் "ஏஐ பிசி"ன்னு ஸ்டிக்கர் ஒட்டினதெல்லாம் இதுல வராது, 2023 கடைசில வந்த முதல் செட் கோர் அல்ட்ரா சிப்புகளோட என்பியு இந்த 40 கிட்டயே வரல. என்னோட அபிப்ராயம் கேட்டா, இப்போதைக்கு என்பியுக்காக தனியா ஒரு ரூபா கூட குடுக்க வேண்டாம், சாட்ஜிபிடி மாதிரி உள்ளதெல்லாம் எப்படியும் இன்டர்நெட்டுல வேற எங்கயோ உள்ள கம்ப்யூட்டர்லதான் ஓடுது. அந்த விதிக்காக 16 ஜிபி கட்டாயம் ஆச்சே, அதுதான் நமக்கு உள்ள லாபம்.

ஸ்னாப்டிராகன் எக்ஸ் போட்ட லேப்டாப்பு 2024ல இருந்து வருது, பேட்டரி நிஜமாவே நல்லா நிக்கும், சூடும் கம்மி. ஆனா அது ஆர்ம் சிப்பு, இன்டெல் ஏஎம்டி மாதிரி இல்லாம வேற வகை, பழைய பிரிண்டருக்கு டிரைவர் கிடைக்காம போகலாம், சில ஆன்லைன் எக்ஸாம் சாஃப்ட்வேர், கேம் எல்லாம் மக்கர் பண்ணும். வீட்ல பழைய பிரிண்டர், டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து போடுற யுஎஸ்பி) எல்லாம் வச்சு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துறவங்க இந்தப் பக்கம் வராதீங்க.

போன்

போன்ல நான் முதல்ல பாக்குறது கேமரா இல்ல, எத்தன வருஷம் அப்டேட் குடுக்கிறாங்கங்கறத. போன்ல எதையுமே மாத்த முடியாது, அப்டேட் நின்னுட்டா பேங்க் ஆப்பு ஒருநாள் "உங்க போன் பழசு"ன்னு சொல்லிரும். 2023 கடைசில கூகுள் பிக்சல் 8க்கும், 2024 தொடக்கத்துல சாம்சங் எஸ்24க்கும் 7 வருஷம்னு அறிவிச்சாங்க, அதெல்லாம் பெரிய விலை, ஆனா சாம்சங் ஏ16 மாதிரி சாதாரண விலை போனுக்கே 6 வருஷம் குடுத்திருக்காங்க. ரெண்டு வருஷம் மட்டும் குடுக்கிற போனு ரெண்டாயிரம் ரூபா கம்மியா கிடைச்சா அது லாபம் இல்லன்னு வாங்கும்போதே கணக்கு போட்டுக்கோங்க.

"8 பிளஸ் 8, மொத்தம் 16 ஜிபி ரேம்"னு போஸ்டர்ல போட்டிருப்பாங்க, அதுல ரெண்டாவது 8 ஸ்டோரேஜ்ல இருந்து கடன் வாங்குறது, ரேம் கணக்குல சேக்காதீங்க. ஸ்டோரேஜ் வேகமான யுஎஃப்எஸ்ஸா மெதுவான இஎம்எம்சியான்னு பாருங்க, ஒரு வருஷம் கழிச்சு போன் தவழுறது பெரும்பாலும் இதனாலதான். 200 மெகாபிக்சல் கேமரால சாதாரணமா எடுத்தா பல பிக்சல்ல ஒண்ணா சேத்து சின்ன போட்டோவாத்தான் வரும், கூட ஒட்டியிருக்க 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா வெறும் கண்ணுதிருஷ்டிக்கு.

நம்ம பக்கம் நெட்வொர்க் ஒரு தனி கத. வாசல்ல தமிழ்நாடு டவர், அடுக்களைல கேரளா டவர்னு மாறுற வீடு எல்லாம் இருக்கு. இப்போ பிளான்ல நேஷனல் ரோமிங் சேந்தே வர்றதால காசு போகாது, ஆனா 5ஜி நிக்குமாங்கறது ஏரியாவ பொறுத்தது. ஜியோ 5ஜி எடுக்கிறவங்க ஸ்பெக்ல என்28, என்78 ரெண்டு பேண்டும் (அலைவரிசை) இருக்கான்னு பாருங்க, என்28 700 மெகாஹெர்ட்ஸ், சுவர் தாண்டி வீட்டுக்குள்ள வர்றது அதுதான். வாங்குறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டு 5ஜி போன வாங்கி உங்க வீட்டுக்குள்ள ஒரு சுத்து சுத்தி பாத்துருங்க.

ரப்பர் வெட்டுக்கு போற அண்ணாச்சிமாருக்கு, கட்டட வேல பாக்கிறவங்களுக்கு ஃபிங்கர்பிரிண்ட் சரியா பிடிக்காது, விரல் ரேகை தேஞ்சிருக்கும், இல்லன்னா பால் ஒட்டியிருக்கும். பின் நம்பர் போட்டு குடுங்க, சும்மா அந்த சென்சார திட்டிட்டு இருக்க வேண்டாம்.

நாகர்கோவிலா திருவனந்தபுரமா

களியக்காவிளைல நின்னா ரெண்டும் ஏறத்தாழ ஒரே தூரம். "கேரளால டாக்ஸ் கம்மி"ன்னு ஒரு பேச்சு இன்னும் சுத்திட்டு இருக்கு, 2017 ஜூலைலயே ஜிஎஸ்டி வந்தாச்சு, இப்போ லேப்டாப்புக்கும் போனுக்கும் ரெண்டு பக்கமும் ஒரே 18 சதவீதம்தான். விலை வித்தியாசம் வர்றது கடைக்காரங்க குடுக்கிற ஆஃபர்ல, ஓணம் சமயம் அங்க நல்லா குறைப்பாங்க, குலுக்கல் கூப்பனும் தருவாங்க, கூப்பனுக்காக போகாதீங்க. ரெண்டு பக்கமும் அதே மாடல் நம்பர் சொல்லி போன்ல விலை கேட்டுட்டு கிளம்புங்க. ஜிஎஸ்டி நம்பர் வச்சு கடை நடத்துறவங்க மட்டும் வேற ஸ்டேட்ல வாங்குறதுக்கு முன்னாடி ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க, இன்புட் கிரெடிட்ல சிக்கல் வரும்.

பில்லு கட்டாயம் வாங்கணும், அதுல லேப்டாப்னா சீரியல் நம்பர், போன்னா ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி 15 இலக்க நம்பர்) இருக்கணும். திருவனந்தபுரத்துல வாங்கிட்டு பிரச்சன வந்தா கேஸ் போட அங்கதான் போகணுமோன்னு பயப்படாதீங்க, 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நீங்க குடியிருக்க மாவட்டத்துலயே நுகர்வோர் ஆணையத்துல குடுக்கலாம். அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு ஒரு போன் போடுங்க, பாதி விஷயம் அதுலயே அடங்கிரும்.

நோ காஸ்ட் இஎம்ஐன்னா நிஜமாவே காஸ்ட் இல்லன்னு நினைக்காதீங்க, கிரெடிட் கார்டுல அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் தனியா வரும், ரொக்கத்துக்கு எவ்வளவுன்னு கேட்டு ரெண்டையும் ஒப்பிடுங்க.

வளைகுடால இருந்து மாமா கொண்டு வர்ற சாமான்

நம்ம ஊருல பாதி வீட்ல இது உண்டு. 18 வயசு தாண்டின பயணி ஒரு லேப்டாப் டூட்டி இல்லாம கொண்டு வரலாம், அது செரி. ஆனா கீபோர்டுல அரபி எழுத்து, மூணு தடிச்ச சதுர பின் வச்ச சார்ஜர், வாரண்டி இந்தியால செல்லுமான்னு பிராண்டுக்கு பிராண்டு மாறும், இதெல்லாம் கேட்டுட்டு சொல்லி விடுங்க. ஐபோன்னா இன்னும் கவனம், ஐபோன் 17ல சவுதி, யுஏஇ, கத்தார், ஓமன், குவைத், பஹ்ரைன்ல விக்கிற மாடல்ல சிம் போடுற துளையே கிடையாது, போனுக்குள்ளயே இருக்க இசிம் மட்டும்தான். அப்பாவுக்கு குடுத்துட்டு அவர் சிம்மை எங்க போடன்னு தேடிட்டு இருப்பாரு.

செகண்ட் ஹேண்ட் போன் யார் குடுத்தாலும் *#06# அடிச்சு ஐஎம்இஐ எடுத்து மத்திய அரசோட சஞ்சார் சாத்தி சைட்லயோ ஆப்லயோ போட்டு பாருங்க, திருட்டுன்னு பிளாக் பண்ணதா இருந்தா காட்டிரும். காசு குடுக்கிறதுக்கு முன்னாடி, பின்னாடி இல்ல.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்

பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுங்க, ஆன்லைன்ல வாங்கினா கண்டிப்பா. ஸ்கிரீன்ல வெள்ள, கறுப்பு, சிவப்பு முழுசா போட்டு புள்ளி செத்திருக்கான்னு பாருங்க. பிராண்ட் சைட்ல சீரியல் நம்பர் போட்டு வாரண்டி எப்போ தொடங்குதுன்னு பாருங்க, ஸ்டாக்குல கிடந்த லேப்டாப்புக்கு சில நேரம் பழைய தேதி காட்டும், பில்லு அப்லோட் பண்ணா மாத்தி தருவாங்க. விண்டோஸ் 11 பல லேப்டாப்ல டிஸ்க்க தானாவே என்கிரிப்ட் பண்ணி பூட்டிரும், அத திறக்குற நம்பர், அதாவது ரிகவரி கீ, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல கிடக்கும், அத ஒரு நோட்டுல எழுதி வைங்க, அந்த அக்கவுண்ட் பாஸ்வேர்டும் சேத்து. கடைக்காரப் பையன் அவனோட மெயில்ல செட்டப் பண்ணி குடுத்தா உடனே மாத்துங்க, இல்லன்னா ஒருநாள் லேப்டாப் கீ கேக்கும், நீங்க அவன தேடி அலையணும்.

டைப்பிங்குக்கு தனி சாஃப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம், விண்டோஸ்லயே தமிழ் 99 இருக்கு, இங்கிலீஷ்ல அடிச்சா தமிழ் வர்ற ஃபொனெடிக்கும் இருக்கு, மலையாளத்துக்கும் அதே மாதிரி இருக்கு. செட்டிங்ஸ்ல லாங்குவேஜ்ல ரெண்டையும் சேத்துட்டா விண்டோஸ் பட்டனும் ஸ்பேசும் அமுக்கி மாத்தி மாத்தி அடிக்கலாம், தாலுக்கா ஆபீஸ் மனு தமிழ்ல, கேரளால உள்ள பேங்குக்கு மலையாளத்துல. எந்நேரமும் சார்ஜர்ல போட்டு வைக்கிற ஆளா இருந்தா பிராண்டோட ஆப்புல 80 சதவீதத்தோட நிறுத்துற செட்டிங் ஆன் பண்ணிருங்க.

மழை, இடி, எர்த்

மெட்டல் பாடி லேப்டாப்ல கை வச்சா சுறுசுறுன்னு லேசா ஷாக் அடிக்கிற மாதிரி வருதுன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, லேப்டாப் கெட்டுப்போச்சுன்னு சர்வீசுக்கும் தூக்கிட்டு ஓடுவாங்க. முக்காவாசி லேப்டாப்ல குறை இல்ல, சார்ஜர்ல இருந்து கசியுற ரொம்ப சின்ன கரண்டு போக வழியில்லாம பாடில நிக்குது, ஏன்னா வீட்டு பிளக்குல எர்த் கிடையாது, இல்லன்னா மூணு பின் சார்ஜர ரெண்டு பின் கன்வெர்டர்ல சொருகியிருக்காங்க. எலக்ட்ரீஷியன கூப்பிட்டு எர்த் சரி பண்ணுங்க, ஸ்பைக் கார்டு ஒழுங்கா வேல செய்யவும் அதே எர்த் வேணும்.

துலாம் மாச மழைல, அதாவது அக்டோபர் நவம்பர்ல, மத்தியானத்துக்கு மேல வர்ற இடி நம்ம பக்கம் லேசுப்பட்டது இல்ல. ஸ்விட்ச் ஆஃப் பண்ணா போதாது, பிளக்க புடுங்கணும். நிறைய பேர் சார்ஜர புடுங்கிட்டு ரூட்டர்ல இருந்து வர்ற லேன் வயர விட்டுருவாங்க, ஃபைபர் கண்ணாடி இழைல கரண்டு வராது, ஆனா ரூட்டரோட அடாப்டர்ல ஏறி லேன் வயர் வழியா லேப்டாப் போர்டுக்கு வந்துரும். ரெண்டையும் கழட்டுங்க.

போன் மழைல நனைஞ்சு சார்ஜ் போட்டா ஈரம் இருக்குன்னு எச்சரிக்கை காட்டினா அத மதிங்க, போர்ட் கீழ பாக்குற மாதிரி உள்ளங்கைல மெதுவா தட்டி, காத்தோட்டமா வைங்க. அரிசி டப்பாக்குள்ள போடாதீங்க, அரிசித் தூள் உள்ள போய் கேடாக்கும்னு ஆப்பிளே 2024ல எழுதி போட்டிருக்காங்க. தண்ணி புகாதுன்னு சொல்ற ஐபி68 ரேட்டிங் இருந்தாலும் அது நல்ல தண்ணிக்கு செஞ்ச டெஸ்ட்டு, தேங்காப்பட்டணம் கடற்கரைல உப்புத் தண்ணில விழுந்தா உடனே நல்ல தண்ணில கழுவி தொடைச்சு காய வைங்க. லேப்டாப்ல காப்பி கொட்டிச்சுன்னா சார்ஜர புடுங்கி, பவர் பட்டன அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணி, கீபோர்டு கீழ பாக்க கவுத்தி வச்சு அப்படியே சர்வீசுக்கு கொண்டு போங்க, ஆன் ஆகுதான்னு நடுவுல ஒரு தடவ கூட அமுக்கி பாக்காதீங்க.